பின்னணி மங்கினால் போர்ட்ரெய்ட் ஆகிவிடுமா? வீட்டுக் குழந்தையை வைத்து முகப்படம் பழக ஓர் அறிமுகம்

அக்கா பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்திருக்கிறாள். வீட்டில் கைக்குழந்தை. தம்பி கையில் ஃபோனோ, இரவல் வாங்கிய கேமராவோ இருக்கிறது. போர்ட்ரெய்ட் பழக இதைவிட நல்ல சமயம் அமையாது. ஆனால் பழகத் தொடங்குகிறவர்களில் பலர் முதல் நாளே தவறான இடத்தில் கவனத்தை வைத்துவிடுகிறார்கள். "போர்ட்ரெய்ட்னா பின்னாடி ப்ளர் ஆகணும்" என்ற எண்ணம் ஊரெங்கும் பரவிக் கிடக்கிறது. ஃபோன் கம்பெனிகள் அந்த வசதிக்குப் ‘போர்ட்ரெய்ட் மோட்’ என்று பேர் வைத்ததால் வந்த வினை.

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கம் பழைய ஸ்டுடியோக்களில் எடுத்த கறுப்பு வெள்ளைக் குழந்தைப் படங்கள் சில வீட்டுக் கூடங்களில் இன்னும் தொங்குகின்றன. பின்னால் திரையில் வரைந்த மாடிப்படியும் பூந்தொட்டியும் அடையாளம் தெரிகிற அளவுக்கு இருக்கும். ஆனாலும் பார்த்தவுடன் கண் போய் நிற்பது முகத்தில்தான். ப்ளர் இல்லாமலே அந்த ஸ்டுடியோக்காரர்கள் அதைச் சாதித்தார்கள்.

ஒருவரின் முகத்தை, இவர் இன்னார் என்று தெரியும்படி எடுப்பதுதான் போர்ட்ரெய்ட். அதை முதலில் தீர்மானிப்பவை இரண்டு. நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பது ஒன்று. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு பெரிய பரப்பிலிருந்து வருகிறது என்பது இன்னொன்று. லென்ஸ், செட்டிங், ப்ளர் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்த இரண்டையும் கற்றுக்கொடுக்கக் கைக்குழந்தை நல்ல வாத்தியார். பெரியவர்களிடம் "கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்று சொல்லித் தப்பிக்கலாம். குழந்தையிடம் அது நடக்காது. நகர வேண்டியது நீங்கள்தான்.

## எவ்வளவு தள்ளி நிற்பது

தஞ்சைப் பெரிய கோயிலின் கேரளாந்தகன் வாசலுக்கு நேர் முன்னால் நின்று அண்ணாந்து பாருங்கள். வாசல் கோபுரமே கண்ணை அடைத்துக்கொள்ளும். உள்ளே சுமார் 216 அடி உயரத்தில் நிற்கும் விமானம் அதன் பின்னால் ஒதுங்கிப்போகும். இப்போது அப்படியே பின்னோக்கித் தெருவுக்கு வந்து, இன்னும் தள்ளிப் போங்கள். கோபுரம் சிறுத்துக்கொண்டே வரும். விமானம் அதன் தலைக்கு மேல் எழும்பித் தன் உயரத்தைக் காட்டும். கல் எதுவும் நகரவில்லை. உங்களிடமிருந்து கோபுரம் இருக்கும் தூரத்துக்கும் விமானம் இருக்கும் தூரத்துக்கும் உள்ள விகிதம்தான் மாறியது.

முகத்தில் மூக்குதான் வாசல் கோபுரம், காது விமானம். குழந்தையின் மூக்கு நுனியிலிருந்து காது சுமார் 10 சென்டிமீட்டர் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனை 25 செ.மீ. நெருக்கத்தில் பிடித்தால் மூக்கு 25, காது 35. அதாவது காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். அதே முகத்தை ஒன்றரை மீட்டர் தள்ளி எடுத்தால் மூக்கு 150, காது 160. வித்தியாசம் 7 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். தூரத்தால் இப்படி அளவுகள் மாறித் தெரிவதற்குப் பெர்ஸ்பெக்டிவ் என்று பேர்.

"வைட் லென்ஸ்ல மூக்கு பெருசா விழும்" என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. வைட் லென்ஸ் உங்களைக் கிட்டே போகத் தூண்டுகிறது. மூக்கைப் பெரிதாக்குவது அந்தக் கிட்டம்தான். லென்ஸ் எவ்வளவு அகலமான காட்சியைப் பிடிக்கும் என்று சொல்லும் எண்ணுக்கு ஃபோக்கல் லெங்த் என்று பேர். எண் சிறியதானால் காட்சி அகலம், பெரியதானால் குறுக்கம். ஃபோனின் முதன்மை கேமரா பழைய ஃபிலிம் கேமரா கணக்கில் ஏறக்குறைய 24 முதல் 26 மி.மீ. நல்ல அகலம். குழந்தையின் முகமோ சின்னது. படத்தை நிரப்ப வேண்டும் என்ற ஆசையில் கை தானாக நெருங்கும். மூக்கு உருண்டு, காது காணாமல் போய், "இது நம்ம பாப்பா மாதிரியே இல்லையே" என்று அம்மாச்சி சொல்வது இதனால்தான்.

செய்ய வேண்டியது எளிது. முதலில் முகத்திலிருந்து ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தள்ளி இடம் பிடியுங்கள். பிறகு ஜூமில் 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் (இரண்டு, மூன்று மடங்கு) போடுங்கள். பின்னால் ஒரே ஒரு நல்ல லென்ஸ் உள்ள ஃபோன் என்றால், 1எக்ஸில் எடுத்துவிட்டு அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். 5எக்ஸ், 10எக்ஸ் என்று இழுத்தால் படம் கரைந்துவிடும். கேமரா வைத்திருப்பவர்கள் அதோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸை 55இல் வைத்துப் பழகலாம். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் இன்னும் வசதி (எஃப் எண் என்னவென்று பின்னால் பார்ப்போம்).

உயரமும் தூரத்தோடு சேர்ந்ததே. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் தலை மட்டும் ஏறக்குறைய கால் பங்கு. நின்றபடி மேலிருந்து எடுத்தால் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தலை உங்களுக்கு இன்னும் கிட்டே வந்து ஊதிப்போகும், கால்கள் சிறுத்துவிடும். பாயில் குப்புறப் படுத்து, லென்ஸைக் குழந்தையின் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். சட்டை அழுக்காகும், வேறு வழியில்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது தூரம். தூரத்தை முதலில் முடிவு செய்யுங்கள், ஜூமை அதற்குப் பிறகு தொடுங்கள்.

## வெளிச்சம் எவ்வளவு பெரியது

சித்திரை மதியத்தில் கொடிக்கயிற்றின் நிழல் தரையில் கோடு கிழித்த மாதிரி விழும். ஐப்பசியில் வானம் மூடிக்கிடக்கும் நாளில் அதே கயிற்றுக்கு நிழலே இருக்காது. நிழலின் ஓரம் கூர்மையாக விழுந்தால் அது கடின வெளிச்சம். ஓரம் தெரியாமல் மெதுவாகக் கரைந்தால் மென்வெளிச்சம். வெளிச்சம் எவ்வளவு பிரகாசம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முகம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் தரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே கணக்கு. சூரியன் பிரம்மாண்டமானதுதான், ஆனால் இங்கிருந்து வானத்தில் அரை டிகிரி அகலம்தான். மேகம் மூடினால் வானம் முழுவதுமே விளக்காகிவிடும்.

பரப்பு பெரிதானால் அதன் ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒளி வந்து, மற்ற மூலையால் விழுந்த நிழலை நிரப்பும். இதனால்தான் மூன்றடிக்கு நாலடி ஜன்னல், அருகில் வைத்த குழந்தையின் சின்ன முகத்துக்குப் பெரிய விளக்கு. அதே ஜன்னல் பத்தடி தள்ளிப் போனால் சின்ன விளக்கு. வெளிச்சமும் வேகமாகக் குறையும். குழந்தை ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் இருக்கட்டும். நேர் வெயில் மட்டும் மேலே விழக் கூடாது. கிழக்கு ஜன்னல் என்றால் மதியத்துக்கு மேல், மேற்கு ஜன்னல் என்றால் காலையில். வடக்கு ஜன்னலுக்கு வருஷத்தில் பெரும்பகுதி இந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் வருவதற்கு முன் புகைப்பட ஸ்டுடியோக்கள் வடபக்கக் கண்ணாடிக் கூரையை விரும்பியதும் இதற்காகத்தான். நேர் வெயில் உள்ளே விழுந்தே தீரும் ஜன்னலானால், துவைத்த வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கம்பியில் கட்டுங்கள். வேட்டி முழுவதும் ஒளிர்ந்து பெரிய விளக்காகும்.

முற்றம் வைத்த பழைய வீடு இருந்தால் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் குழந்தையை முற்றத்துக்கு நடுவில் தூக்கிப் பிடித்து எடுக்காதீர்கள். வெளிச்சம் உச்சந்தலையிலிருந்து இறங்கி, புருவத்தின் நிழல் கண்ணில் விழும். கண் இரண்டும் குழியாகிவிடும். டெல்டாவின் அட்சரேகைக்கு ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேராகவே நிற்கும். அந்த நாட்களில் இன்னும் மோசம். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே, முகம் முற்றத்தைப் பார்க்கும்படி அம்மா மடியில் வைத்துக்கொள்ளட்டும். தாழ்வாரக் கூரை மேல் வெளிச்சத்தை மறைத்துவிடும். வானத்திலிருந்து சாய்வாக வரும் ஒளி மட்டும் முகத்தில் விழும். திண்ணையும் இப்படித்தான் வேலை செய்யும், எதிர்வீட்டுச் சுவரில் வெயில் அடித்துத் திரும்பினால் இன்னும் நன்றாக இருக்கும்.

## படுத்திருக்கும் குழந்தைக்குத் தலை எந்தப் பக்கம்

புதிதாகப் பழகுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். நாலு மாதம் வரை குழந்தை பெரும்பாலும் மல்லாந்தே கிடக்கும். பாயை ஜன்னலோரம் விரித்து, கால் ஜன்னல் பக்கமாகக் கிடத்திவிடுவார்கள். அப்போது வெளிச்சம் தாடையிலிருந்து நெற்றிக்கு ஏறுகிறது. மூக்கின் நிழல் கண்ணை நோக்கி மேலே விழுகிறது. மூக்குத் துவாரம் பளிச்சென்று தெரிகிறது. இருட்டில் டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துப் பயமுறுத்துவோமே, அதன் மெல்லிய வடிவம்தான் இது. வெளிச்சம் மேலிருந்து வந்தே பழகிய நம் கண்ணுக்கு அது உறுத்தும், ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியாது.

பாயை அப்படியே திருப்புங்கள். தலை ஜன்னல் பக்கம், கால் அறைக்குள். இப்போது ஒளி நெற்றியில் தொடங்கிக் கன்னம் வழியாகத் தாடைக்கு இறங்கும். பிறகு பாயை இன்னும் 45 டிகிரி சாயுங்கள். ஒரு கன்னம் வெளிச்சமாகவும் மறு கன்னம் லேசான நிழலாகவும் பிரியும். அந்தப் பிரிவினால்தான் கன்னத்தின் உருண்டை படத்தில் தெரிகிறது. நேருக்கு நேர் விழும் வெளிச்சம் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும்.

நிழல் பக்கம் ரொம்ப இருண்டால் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை இரண்டடி தூரத்தில் நிறுத்துங்கள். ஜன்னல் ஒளி அதில் பட்டுத் திரும்பி நிழலைத் தளர்த்தும். அட்டையைக் கிட்டே கொண்டுவந்தால் நிழல் குறையும், தள்ளினால் கூடும். குழந்தை அழாத நேரத்தில் இதை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். வெளிச்சம் என்ன செய்கிறது என்று கை வழியாகப் புரிந்துவிடும்.

சரியாக வந்ததா என்று பார்க்கக் கண்ணைப் பெரிதாக்குங்கள். கருவிழியில் ஜன்னல் ஒரு சின்ன வெள்ளைக் கட்டமாகத் தெரியும், கம்பியைக்கூட எண்ணலாம். இதைக் கேட்ச் லைட் என்பார்கள். அது கருவிழியின் மேல்பாதியில், கடிகாரத்தில் 10 மணிக்கோ 2 மணிக்கோ நிற்கும் முள்ளின் திசையில் இருந்தால் வெளிச்சம் நல்ல இடத்தில் இருக்கிறது. கீழ்ப்பாதியில் இருந்தால் பாய் இன்னும் தலைகீழாகக் கிடக்கிறது. கட்டமே இல்லாவிட்டால் முகம் ஜன்னலை விட்டுத் திரும்பியிருக்கிறது. கண் உயிரில்லாமல் கிடக்கும். அடுத்தவர் எடுத்த படத்திலும் இப்படிக் கண்ணைப் பார்த்தால் விளக்கு எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

## முகத்தில் ஒட்டிக்கொள்ளும் நிறங்கள்

வெளிச்சம் எதில் பட்டுத் திரும்புகிறதோ அதன் நிறத்தையும் எடுத்துக்கொண்டு வரும். நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டிய கொல்லைப்புறத்தில் எடுத்தால் குழந்தை நீலம் பாரித்துத் தெரியும். காதுகுத்துக்கும் தொட்டில் போடுவதற்கும் போடுகிற சிவப்பு மஞ்சள் துணிப் பந்தலுக்குக் கீழே எல்லார் முகமும் சிவக்கும். எடிட்டிங்கில் இதை முழுசாகச் சரிசெய்ய முடியாது. பந்தலின் விளிம்புக்குக் குழந்தையை எடுத்துக்கொண்டு வருவதுதான் வழி.

தூளியும் அப்படியே. சிவப்புப் புடவைத் தூளிக்குள் கிடக்கும் குழந்தையின் முகம் சிவப்பாகத்தான் விழும். வெளிறிய பருத்திப் புடவையில் தூளி கட்டச் சொல்லுங்கள். ஜன்னல் பக்கத்து மடிப்பை விரித்துப் பிடித்தால் உள்ளே வெளிச்சம் போகும். சிவப்புச் சிமெண்டுத் தரை தாடைக்கு அடியில் செம்மை ஏற்றும், வெள்ளை விரிப்பு போட்டால் அடங்கிவிடும்.

ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது அறை விளக்கை அணைத்துவிடுங்கள். "இருட்டா இருக்கேடா, லைட்டப் போடு" என்று யாராவது போடத்தான் செய்வார்கள். ஜன்னல் ஒரு நிறம், பல்பு இன்னொரு நிறம். முகத்தின் ஒரு பாதி நீலமும் மறுபாதி மஞ்சளுமாக விழுந்தால் கேமரா எதைச் சரி என்று எடுத்துக்கொள்ளும்?

எண்ணெய் தேய்த்த உடம்பில் சின்ன விளக்கு வெள்ளைப் பொட்டுப் பொட்டாக மின்னும், ஜன்னல் ஒளி பரவலாகப் படரும். பவுடர் அப்பிய முகம் சாம்பல் பூத்துத் தெரியும். ஈரத்துணியால் ஒரு தடவை ஒற்றிவிடச் சொல்லுங்கள். கண்ணில் மை இடவே வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு இருக்கட்டும், அதை எடிட்டிங்கில் அழிப்பது தேவையில்லாத வேலை.

பியூட்டி ஃபில்டரை அணைத்து வையுங்கள். சில ஃபோன்களில் நாம் கேட்காமலே அது ஓடிக்கொண்டிருக்கும். மாநிறக் குழந்தையைச் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆக்கிவிடும். குழந்தையின் நிறத்தை அப்படியே கொண்டுவருவதில்தான் படம் எடுக்கிறவரின் கைத்திறமை இருக்கிறது.

மறுபடி ஒரு பார்வை: பெரிய பரப்பு, கிட்டத்தில். ஒளி நெற்றியிலிருந்து தாடைக்கு. ஒரே நிற வெளிச்சம். இவ்வளவும் சரியாக இருந்தால் எந்த ஃபோனும் நல்ல படம் தரும்.

## மூன்று எண்கள்

அபெர்ச்சர் என்பது லென்ஸுக்குள் விரிந்து சுருங்கும் துளை. எஃப் 1.8 என்றால் பெரிய துளை, எஃப் 8 என்றால் சின்னது. ஷட்டர் என்பது எவ்வளவு நேரம் ஒளி உள்ளே போகிறது என்பது. ஐஎஸ்ஓ என்பது பதிவான ஒளியை எவ்வளவு ஏற்றிக் காட்டுவது என்பது, ஏற்ற ஏற்றப் படத்தில் புள்ளி தட்டும். மூன்றும் சேர்ந்துதான் படத்தின் வெளிச்சம்.

குழந்தைக்கு முக்கியம் ஷட்டர். தூங்கும்போது 1/100 நொடி போதும். விழித்துக் கைகாலை உதைத்தால் 1/250. தவழ ஆரம்பித்தால் 1/500. இதை எட்டுவதற்காக ஐஎஸ்ஓ 1600, 3200 வரை போனாலும் பரவாயில்லை. புள்ளி தட்டிய படத்தைப் பார்க்கலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

இரவில் ட்யூப் லைட்டில் 1/500 வைத்தால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழலாம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. ஷட்டரை 1/100 அல்லது 1/50க்கு இறக்கினால் பட்டை போய்விடும். ஆனால் அதற்குக் குழந்தை அசையாமல் இருக்க வேண்டும். பேசாமல் காலையில் எடுப்பதே மேல்.

இன்னொரு சிக்கல், வெள்ளை வேட்டியில் கிடத்திய குழந்தை இருண்டு விழுவது. கேமராவின் ஒளிமானி, எதிரே இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். வேட்டியின் வெள்ளையையும் சாம்பலாக்கப் பார்த்து, முகத்தையும் சேர்த்து இருட்டாக்குகிறது. கேமராவில் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைப் பிளஸ் 0.7 அல்லது பிளஸ் 1 வையுங்கள். ஃபோனில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுங்கள். இருண்ட அறைப் பின்னணியாக இருந்தால் இதற்கு நேர்மாறு, முகம் வெளுத்துப்போகும், கொஞ்சம் கீழே இறக்க வேண்டும்.

## ப்ளர் எங்கிருந்து வருகிறது

ஃபோகஸ் வைத்த தூரத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்ச இடம் தெளிவாக இருக்கும். அந்த ஆழத்துக்கு டெப்த் ஆஃப் ஃபீல்டு என்று பேர். துளை பெரிதானால் அது குறையும், கிட்டே போனாலும் குறையும். சாதாரண ஏபிஎஸ்-சி கேமராவில் (அதன் சென்சார், அதாவது ஒளியைப் பதிவு செய்யும் சில்லு, பழைய ஃபிலிமைவிடச் சிறியது) 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து ஒரு மீட்டரில் எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் மூன்று செ.மீ.கூட இருக்காது. ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல், மூக்கும் மங்கல். எஃப் 4க்கு வந்தால் ஏறக்குறைய 6 செ.மீ. கிடைக்கும், இரண்டு கண்ணும் வாயும் அடங்கும். புது 50 மி.மீ. வாங்கியவர்கள் எஃப் 1.8ஐ விட்டு இறங்க மாட்டார்கள், பாதிப் படம் வீணாவது அதனால்தான்.

பின்னணி மங்க வேறு வழியும் உண்டு. குழந்தைக்கும் பின்சுவருக்கும் இடைவெளி கூட்டுங்கள். சுவரை ஒட்டி உட்கார வைத்தால் எந்த லென்ஸும் அதை மங்கலாக்காது. ரேழியிலிருந்து கூடத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால் இருபது அடி கிடைத்துவிடும்.

ஃபோனின் சென்சார் சின்னது. அதனால் இந்த மங்கல் இயல்பாக மிகக் குறைவு. போர்ட்ரெய்ட் மோட் செய்வது வேறு. எது கிட்டே, எது தூரம் என்று இரண்டு லென்ஸின் பார்வை வித்தியாசத்தை வைத்தோ மென்பொருளின் ஊகத்தை வைத்தோ ஒரு வரைபடம் போட்டு, தூரம் என்று தோன்றியதை மங்கலாக்குகிறது. கணக்கு தப்பினால் குழந்தையின் பஞ்சுமுடி வெட்டுப்படும். காதின் விளிம்பு கரையும். தூளிக் கயிறு பாதியில் மறையும். இரண்டு மீட்டருக்குள், வெளிச்சம் நன்றாக இருக்கும் இடத்தில், பின்னணி விலகியிருந்தால் அது ஓரளவு சரியாக வேலை செய்யும். ப்ளர் அளவைப் பாதிக்கும் கீழே இறக்கி வையுங்கள், பொய் அவ்வளவாகத் தெரியாது.

ஃபோகஸ் எப்போதும் கேமராவுக்குக் கிட்டே இருக்கும் கண்ணில். கேமராவில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வையுங்கள். விழித்திருக்கும் குழந்தையைத் தொடர் படமாக எடுத்து, பிறகு பொறுக்கிக்கொள்ளலாம்.

## எந்த மாதத்தில் எது நடக்கும்

பிறந்த சில வாரங்களில் குழந்தைக்கு ஏறக்குறைய 20 முதல் 30 செ.மீ. தூரம்வரைதான் தெளிவாகத் தெரியும். ஒன்றரை மீட்டரில் நீங்கள் என்ன கிலுகிலுப்பை ஆட்டினாலும் பயனில்லை. அது பார்ப்பது தாயின் முகத்தை, அல்லது வெளிச்சமும் இருளும் சந்திக்கும் ஜன்னல் ஓரத்தை. ஆகவே தாயின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுங்கள். குளித்து, பால் குடித்துத் தூங்கும் நேரம் நல்ல நேரம். சாம்பிராணிப் புகைக்கு நடுவில் படம் அழகாகத்தான் வரும், குழந்தையின் மூச்சுக்கு அது நல்லதில்லை.

ஆறு எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும். மூன்று நாலு மாதத்தில் தலை நிற்கும், குப்புறப் படுத்துத் தலை தூக்கினால் நேர்முகப் படம் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு மேல் உட்காரும். உங்கள் ஃபோனைப் பிடுங்கவும் வரும். கிலுகிலுப்பையை லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஆட்டச் சொல்லுங்கள். தலைக்கு மேலே ஆட்டினால் கண் மேலே போய் வெள்ளைவிழிதான் படத்தில் விழும். நாலு பேர் நாலு பக்கம் நின்று "தங்கம், இங்க பாரு" என்று கூப்பிட்டால் குழந்தை யாரையும் பார்க்காது. ஒருவர் மட்டும் கூப்பிடட்டும்.

மேலிருந்து எடுப்பதானால் கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். லென்ஸ் மூடி, லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட் எதுவும் தளர்ந்து தொங்கக் கூடாது. ஸ்டூல்மீது ஏறிக் குழந்தைக்கு மேல் நிற்க வேண்டாம். கையைத் தாடைக்குக் கொடுத்து உட்கார்ந்தபடி தூங்கும் பச்சைக் குழந்தைப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். முறையாக எடுப்பவர்கள், ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டிருக்க இரண்டு படம் எடுத்து ஒட்டி, பிடித்த கையை நீக்கிவிடுகிறார்கள். வீட்டில் அதை முயலவே கூடாது. குழந்தைக்கு எட்டும் தூரத்தில் எப்போதும் இன்னொருவர் கை இருக்க வேண்டும்.

ஃபிளாஷ் வேண்டாம். கேமராவோடு ஒட்டிய ஃபிளாஷ் மிகச் சின்ன விளக்கு. நேர் முன்னாலிருந்து அடிப்பதால் முகம் தட்டையாகும், சுவரில் கறுப்பு நிழல் விழும். குழந்தையும் திடுக்கிட்டு அழும். அப்புறம் அன்றைக்குப் படம் கிடையாது.

## மங்கலாக வந்தால் எங்கே பார்ப்பது

படம் முழுவதும் பனி படர்ந்ததுபோல் இருந்தால் முதலில் ஃபோன் லென்ஸைத் துடையுங்கள். எண்ணெய்க் கை பட்டிருக்கும். குழந்தை உள்ள வீட்டில் இதுதான் முதல் காரணம். கை மட்டும் மங்கி முகம் தெளிவாக இருந்தால் ஷட்டர் போதவில்லை. காது தெளிவு, கண் மங்கல் என்றால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆடியது உங்கள் கை.

ஏசி அறையிலிருந்து திண்ணைக்கு வந்தவுடன் லென்ஸில் ஆவி படிவது டெல்டாவின் ஈரக்காற்றில் அன்றாடம் நடப்பது. துடைத்துத் துடைத்து எடுக்காதீர்கள். மூடிய பையிலேயே கால் மணி நேரம் வைத்தால் போய்விடும். மழைக்காலத்தில் கேமராவைத் துணி பீரோவில் போட்டு மறந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். அதன் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்திக்கொள்ளலாம்.

12 மெகாபிக்சல் படம் என்பது 4000க்கு 3000 புள்ளி. 1எக்ஸில் எடுத்து 2எக்ஸ் அளவுக்கு வெட்டினால் 2000க்கு 1500 மிஞ்சும். 6க்கு 4 அங்குலப் பிரிண்டுக்கு 1800க்கு 1200 இருந்தால் தாராளம். ஆனால் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். பிரிண்ட் போடக் கடைக்கு அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்து அனுப்புங்கள். வெளியூரில் இருக்கும் சித்தப்பாவுக்கும் அப்படியே அனுப்புங்கள். குளிக்கும் படங்களை மட்டும் எந்தக் குரூப்பிலும் போட வேண்டாம்.